வியாழக்கிழமை காலை எட்டரை மணிக் கணக்கு

பெரிய கம்பெனி ஒன்று பத்தாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறது என்று செய்தி வந்தால் போதும். டாலஸிலிருந்து நியூ ஜெர்சி வரை தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் இருக்காது. அதே வாரத்தில் அமெரிக்கா முழுவதும் எத்தனை பேர் வேலை போய் அரசாங்கத்திடம் விண்ணப்பித்தார்கள் என்ற கணக்கும் வெளிவருகிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை 8.30-க்கு அமெரிக்கத் தொழிலாளர் துறை அதை வெளியிடுகிறது. பங்குச் சந்தைக்காரர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்கள்தான் அதைக் கண்டுகொள்வதில்லை.

வேலையின்மைக் காப்பீட்டுக்கான வாராந்தர விண்ணப்பக் கணக்கு அது. சென்னையில் அப்போது மாலை 6 மணி, அமெரிக்கக் குளிர்காலத்தில் 7 மணி. படிக்கக் காசு வேண்டாம், பொருளாதாரப் பட்டமும் வேண்டாம். ஆனால் எந்த வரியை எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்தால், லே-ஆஃப் செய்தியைப் போலவே இதுவும் வயிற்றில் புளியைத்தான் கரைக்கும்.

முதல் வரி: புதிதாக வந்தவர்கள்

அறிக்கையின் தலைப்பில் நிற்பது, முந்தைய சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தில் புதிதாக விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை. 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகள் எல்லாம் அனுப்பும் கணக்கைக் கூட்டி எடுப்பது. ஆயிரம் வீடுகளில் கேட்டு மதிப்பிடும் ஆய்வு அல்ல இது. அலுவலகத்தில் உண்மையாகவே பதிவான விண்ணப்பங்களின் எண்ணிக்கை. அதுவும் ஐந்தே நாளில் வந்துவிடுகிறது. வேலைச் சந்தையைப் பற்றி இதைவிட வேகமாக வரும் அரசாங்கப் புள்ளிவிவரம் அங்கே இல்லை.

முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டுபோவார்கள். ஒரே வாரத்தில் 2,25,000 பேரா! ஆமாம், அது நல்ல காலத்து எண். அவ்வளவு பெரிய நாட்டில் வேலையில் சேர்வதும் விலகுவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். 2 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம்வரை என்றால் சமீப ஆண்டுகளின் கணக்கில் சாதாரண நாள்தான். மோசமான காலம் எப்படி இருக்கும் என்றால், 2009 மார்ச்சில் 6,65,000-ஐத் தொட்டது. அதற்கு முன் 1982 அக்டோபரில் 6,95,000. பிறகு கொரோனா வந்து அளவுகோலையே உடைத்தது. 2020 மார்ச் 21-இல் முடிந்த வாரத்துக்கு முதலில் வெளியான எண் 32,83,000. அதற்கடுத்த வாரம் அதுவே இரட்டிப்பாகி 66,48,000 ஆனது. அந்த இரண்டு வாரங்களை வரைபடத்தில் போட்டால், அதற்கு முந்தைய ஐம்பது வருடச் சரித்திரமும் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது.

இனி எச்சரிக்கை. ஒரு வாரத்து எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

2023 மே மாதம் தலைப்பு எண் திடீரென்று 2,64,000-க்கு எகிறியது. மந்தம் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. பார்த்தால் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறர் பெயரில் போடப்பட்ட மோசடி விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. பின்னால் எண்ணைக் குறைத்துத் திருத்தினார்கள். 2025 செப்டம்பர் முதல் வாரத்திலும் இதே கதைதான். 2,63,000 என்று அறிவித்தார்கள். ஏறியதில் பெரும்பங்கு டெக்சாஸிலிருந்து வந்தது, அங்கேயும் மோசடி முயற்சிகளே காரணமாகச் சொல்லப்பட்டன. அடுத்த வாரமே எண் 2,31,000-க்கு இறங்கிவிட்டது. 2024 அக்டோபரில் ஹெலீன், மில்டன் என்று அடுத்தடுத்து அடித்த புயல்கள் எண்ணைத் தூக்கிவிட்டன. நியூயார்க்கிலோ பள்ளிக்கூட விடுமுறையே போதும். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்களும் கேன்டீன் ஊழியர்களும் விடுமுறை வாரத்தில் விண்ணப்பிப்பார்கள், ஈஸ்டர் எந்த வாரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து எண் துள்ளும்.

அதனால் அறிக்கையிலேயே நான்கு வாரச் சராசரி என்று ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். பதறும் சுபாவம் உள்ளவர்கள் அதை மட்டும் பார்த்தாலே போதும்.

இன்னொரு குழப்பம் பருவத் திருத்தம். கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிந்ததும் கடைகளும் கிடங்குகளும் தற்காலிக ஆட்களை அனுப்பிவிடும், குளிரில் கட்டுமான வேலை நிற்கும். ஆகவே ஜனவரி தொடக்கத்தில் உண்மையாக வரும் விண்ணப்பங்கள் கடந்த சில ஆண்டுகளாக 3 லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. இது வருடாவருடம் நடப்பதுதான் என்பதால் அந்தப் பங்கைக் கழித்துவிட்டு 2 லட்சத்துச் சொச்சம் என்று தலைப்பில் போடுகிறார்கள். ஜூலையில் கார் தொழிற்சாலைகள் புதிய மாடலுக்காக மூடித் திறக்கும்போதும் இப்படித்தான். திருத்தாத எண்ணும் அதே அறிக்கையில் கீழே இருக்கிறது. அதைப் போன வருடம் இதே வாரத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். மாயமந்திரம் இல்லாத ஒப்பீடு அது ஒன்றுதான்.

எப்போது நிஜமாகவே கவலைப்படுவது? என் கணக்கில் மூன்று சேர வேண்டும். நான்கு வாரச் சராசரி இரண்டு மாதமாவது விடாமல் ஏற வேண்டும். திருத்தாத எண் போன வருடத்தைவிடக் கணிசமாக அதிகமாக இருக்க வேண்டும். ஏற்றம் ஓரிரு மாநிலங்களில் மட்டும் இல்லாமல் பரவலாகத் தெரிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நான் அடுத்த வியாழக்கிழமைவரை பொறுத்துப் பார்ப்பேன்.

இரண்டாவது வரி: இன்னும் வரிசையில் நிற்பவர்கள்

வேலை தேடுபவர்களுக்கு முக்கியம் இதுதான், ஆனால் செய்திகளில் இது கடைசிப் பத்தியில்தான் வரும். ஏற்கெனவே விண்ணப்பித்து, இன்னும் வேலை கிடைக்காமல் வாராவாரம் உதவித்தொகை கேட்பவர்களின் எண்ணிக்கை இது. முதல் எண்ணைவிட ஒரு வாரம் பிந்தி வரும்.

முதல் வரி, கம்பெனிகள் ஆளை அனுப்புகின்றனவா என்று சொல்லும். இரண்டாவது வரி, அனுப்பப்பட்டவரை வேறு யாராவது எடுத்துக்கொள்கிறார்களா என்று சொல்லும். இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2025 நடுப்பகுதி அதற்கு நல்ல உதாரணம். புதிய விண்ணப்பங்கள் சாதாரண அளவிலேயே இருந்தன. ஆனால் தொடர்ந்து உதவித்தொகை வாங்குபவர்கள் 19.5 லட்சத்தைத் தாண்டி, 2021 இறுதிக்குப் பிறகு இல்லாத உயரத்துக்குப் போனார்கள். இருக்கும் ஆளை அனுப்ப யாருக்கும் மனமில்லை, புது ஆளை எடுக்கவும் மனமில்லை. வேலையில் இருப்பவருக்கு அது நல்ல சந்தையாகத் தெரியும். வேலை போனவருக்கோ கதவெல்லாம் சாத்திய தெரு.

இதை வைத்து என்ன செய்வது? இரண்டாவது எண் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில், மேனேஜர் மேல் வந்த கோபத்தில் கையில் ஆஃபர் இல்லாமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். வேலை மாறுவதென்றால் ஆஃபர் கடிதம், பின்னணிச் சரிபார்ப்பு, சேரும் தேதி மூன்றும் உறுதியான பிறகே வாயைத் திறங்கள். ஏற்கெனவே வேலை போனவர் என்றால் இரண்டு மாதத்தில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பட்ஜெட் போடாதீர்கள், ஆறு மாதத்துக்குப் போடுங்கள். எண் இறங்கிக்கொண்டிருந்தால் சம்பளப் பேச்சில் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் உதவித்தொகை அதிகபட்சம் 26 வாரம். ஃப்ளோரிடா, வட கரோலினா போன்றவற்றில் 12 வாரத்தோடு கைகழுவிவிடுவார்கள். காலம் முடிந்தவர் வேலை கிடைக்காமலேயே இந்தக் கணக்கிலிருந்து காணாமல் போவார். எனவே எண் இறங்கியது என்று கேட்டதும் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கில் வராதவர்கள்

வாட்ஸ்அப்பில் அத்தனை லே-ஆஃப் செய்தி வந்தும் வியாழக்கிழமை எண் ஏன் அசையவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அரசாங்கம் மறைக்கிறது என்றுகூடச் சொல்பவர்கள் உண்டு. காரணங்கள் சாதாரணமானவை.

1988-இல் வந்த வார்ன் சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனி கூட்டமாக ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பல கம்பெனிகள் அந்த 60 நாளும் சம்பளம் போட்டு வீட்டில் உட்காரச் சொல்கின்றன. செய்தி வந்துவிட்டது, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, ஆனால் அவர் இன்னும் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். அதற்குப் பிறகு, வேலையைவிட்டு அனுப்பும்போது தரும் செவரன்ஸ் பணம். சில மாநிலங்களில் அந்தப் பணம் தீரும்வரை உதவித்தொகை கிடையாது. கம்பெனி அறிவிக்கும் பத்தாயிரம் பேரில் பெங்களூரு ஊழியரும் இருப்பார், போலந்து ஊழியரும் இருப்பார். அவர்களுக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

கம்பெனி ஊழியராக இல்லாமல் தனி ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் வழக்கமாக இதில் வருவதில்லை. கொரோனா காலத்தில் தனித் திட்டம் போட்டுச் சேர்த்தார்கள், 2021 செப்டம்பரோடு அது முடிந்தது. படிப்பு முடித்து முதல் வேலை தேடும் மாணவருக்குச் சம்பள வரலாறே இல்லை, அவரும் வெளியே. மத்திய அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம், அவர்களுடைய எண் தலைப்பில் சேராது, அறிக்கையின் உள்ளே தனி வரியாக இருக்கும். 2025-இல் வாஷிங்டனில் நடந்த ஆட்குறைப்பைத் தலைப்பு எண்ணில் தேடியவர்கள் ஏமாந்தது இதனால்தான். இத்தனை பேரையும் கழித்துவிட்டால், நாட்டின் வேலையின்மை 4 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது காப்பீடு வாங்குபவர்கள் 1.3 சதவீதத்தை ஒட்டி இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே உங்கள் துறையைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் மொத்த எண்ணைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. திருத்தாத கணக்கில் ஆயிரத்துக்கு மேல் ஏறிய, இறங்கிய மாநிலங்களின் பட்டியல், பக்கத்தில் மாநிலம் தந்த ஒரு வரி விளக்கம். உற்பத்தித் துறையில் ஆட்குறைப்பு, போக்குவரத்திலும் கிடங்குகளிலும் ஆட்குறைப்பு என்று தந்தி பாஷையில் இருக்கும். சில மாநிலங்கள் கருத்து இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடும், நம் ஊர் அலுவலகங்களை நினைவுபடுத்தும் சுருக்கம். மிச்சிகனில் தொடர்ந்து வாகன உற்பத்தி என்றே வருகிறதென்றால், அங்கே கார் கம்பெனி கிளையன்ட்டுக்கு வேலை பார்க்கும் ஐ.டி. குழுவும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கூடவே உங்கள் மாநிலத் தொழிலாளர் துறையின் தளத்தில் வார்ன் அறிவிப்புப் பட்டியலைப் பாருங்கள். கம்பெனி பெயர், ஊர், எத்தனை பேர், எந்தத் தேதி என்று எல்லாம் பொதுவில் கிடக்கிறது. உங்கள் எச்.ஆர். சொல்லும் முன்பே உங்கள் கம்பெனி பெயர் அங்கே வந்திருக்கலாம்.

இந்த மாநில எண்களின் அருமை ஒருமுறை நன்றாகவே தெரிந்தது. 2025 அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு நிதியில்லாமல் முடங்கி, 43 நாள் மூடிக் கிடந்தது. வியாழக்கிழமை அறிக்கையும் நின்றது. மாநிலங்களின் எண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பொருளாதார வல்லுநர்கள் அவற்றைத் தாங்களே கூட்டிப் பருவத் திருத்தமும் போட்டுக் கணக்குச் சொன்னார்கள்.

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்ட் இல்லாமல் நீங்கள் உட்காரும் பெஞ்ச் காலத்தை இந்த எண் கணிக்காது. எண் மாதக்கணக்கில் ஏறினால் கிளையன்ட்டின் பட்ஜெட் சுருங்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

உங்கள் முறை வந்தால்

இந்தத் திட்டத்தின் ஜாதகம் கொஞ்சம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1932-இல் விஸ்கான்சின் மாநிலம்தான் முதலில் சட்டம் போட்டது. 1935-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது, ஆனால் நடத்தும் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டது. 1936 ஆகஸ்டில் விஸ்கான்சினில் கொடுத்த முதல் காசோலை 15 டாலர். மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்ற அந்த ஏற்பாடு இன்றும் நீடிக்கிறது. அதனால்தான் ஃப்ளோரிடாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர், கலிஃபோர்னியாவில் 450, மாசசூசெட்ஸில் ஆயிரத்துக்கும் மேல். டெக்சாஸில் இருக்கும் நண்பர் சொன்ன விதி உங்களுக்கு நியூ ஜெர்சியில் உதவாது.

காசு எங்கிருந்து வருகிறது? கம்பெனிகள் கட்டும் வரியிலிருந்து. ஊழியரிடம் பிடிப்பது அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மூன்றில் மட்டும். நம்மவர்களில் சிலர், அரசாங்கத்திடம் கையேந்துவதா என்று கௌரவம் பார்த்து விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். வாகன இன்ஷூரன்ஸ் வாங்கிவிட்டு விபத்து நடந்ததும் க்ளெய்ம் போடக் கூச்சப்படுவோமா?

ஒரு கம்பெனியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் கூடக்கூட, அந்தக் கம்பெனி கட்ட வேண்டிய மாநில வரி விகிதமும் கூடும். இது தெரிந்தால் அடுத்தது புரியும். "நீங்களாகவே ரிசைன் பண்ணிடுங்க, ரெஸ்யூமேவுக்கு நல்லது" என்று எச்.ஆர். இனிக்க இனிக்கப் பேசினால் உடனே தலையாட்டாதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் தானாக விலகியவருக்குப் பொதுவாக உதவித்தொகை கிடையாது. நீக்கப்பட்ட காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் வேலை குறைந்ததால் நீக்கம் என்று இருக்கிறதா, ஒழுங்கீனம் என்று இருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேலை போன அதே வாரம் விண்ணப்பியுங்கள். பெரும்பாலான இடங்களில் விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். துக்கம் அனுஷ்டித்துவிட்டு மூன்று வாரம் கழித்துப் போனால் அந்த மூன்று வாரமும் போனதுதான். பல மாநிலங்களில் முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் வராது, ஆனாலும் பதிய வேண்டும்.

தொகையைக் கணக்கிடுவது கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை வைத்து. 2025 மே மாதம் விண்ணப்பித்தவருக்கு 2024 ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை வாங்கிய சம்பளம்தான் அடிப்படை. சமீபத்தில் வேலையில் சேர்ந்தவர் இதில் அடிபட்டுப் போகலாம். பல மாநிலங்களில் அண்மைக் காலாண்டையும் சேர்க்கும் மாற்றுக் கணக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

இனி, தமிழர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இது கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. உதவித்தொகை வாங்குபவர் எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. எச்-1பி-காரர் புதுக் கம்பெனி மனுப் போடாமல் சேர முடியாது, ஆகவே தயாராக இல்லை என்று பல மாநிலங்கள் முடிவு செய்கின்றன. அவருக்கு நிஜமான கடிகாரம் வேறு. 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அமெரிக்காவில் தங்க அனுமதித்த ஐ-94 தேதி அதற்குள் முடிந்தால் அதுவரைதான். அதற்குள் புதுக் கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசா வகைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். முன்னறிவிப்புக் காலத்துக்குச் சம்பளம் வருகிறதென்றால், கடைசி நாள் எது என்பதை எழுத்தில் வாங்கி அன்றே வக்கீலிடம் காட்டுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர், இ.ஏ.டி. எனும் வேலை அனுமதி அட்டையில் வேலை செய்த கணவனோ மனைவியோ என்றால் கதை வேறு. சம்பள வரலாறு இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும்போது இதை வாங்கினால் அரசுக்குச் சுமை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் பரவலாக இருக்கிறது. 2022-இல் வந்த விதி, வேலையின்மைக் காப்பீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறும் காலம் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நிலவரம் என்ன என்று வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுவது உத்தமம்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வேலை முடிந்துவிடாது. வாரத்துக்கு ஒருமுறை, கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். வேலை செய்தீர்களா, எவ்வளவு சம்பாதித்தீர்கள், கிடைத்த வேலையை மறுத்தீர்களா, எங்கெல்லாம் தேடினீர்கள். வியாழக்கிழமை எண்ணின் இரண்டாவது வரி இப்படிப் பதில் தருபவர்களின் கூட்டுத்தொகைதான். ஒரு நாள் ஊபர் ஓட்டி வந்த 80 டாலரைக்கூட மறைக்காதீர்கள், பின்னால் கம்பெனிகளின் சம்பளப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், வாங்கியதை அபராதத்தோடு திருப்பிக் கட்ட நேரும். எந்தக் கம்பெனிக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தோம் என்று ஒரு எக்செல் தாளில் குறித்துவைத்தால் கேட்கும்போது நீட்டலாம்.

மறுத்துவிட்டார்கள் என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். தொலைபேசியிலேயே விசாரணை நடக்கும் இடங்கள் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் கெடு கறார். டெக்சாஸில் 14 நாள், கலிஃபோர்னியாவில் 30 நாள். மேல்முறையீடு நடக்கும்போதும் வாராந்தரப் பதிலை நிறுத்தாதீர்கள், ஜெயித்தாலும் பதிவு செய்யாத வாரங்களுக்குப் பணம் வராது.

இந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு. ஜனவரியில் 1099-ஜி படிவம் வீட்டுக்கு வரும், வரியை அப்போது மொத்தமாகக் கட்டுவதைத் தவிர்க்க, தொடக்கத்திலேயே 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். நீங்கள் விண்ணப்பிக்காமலே அந்தப் படிவம் தபாலில் வந்தால், மாசசூசெட்ஸிலும் டெக்சாஸிலும் எண்ணை எகிறவைத்தவர்களைப் போன்ற யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாநிலத் துறையின் மோசடிப் பிரிவுக்கு அன்றே புகார் அனுப்பி, திருத்திய படிவம் கேட்டு வாங்குங்கள். வரித் தாக்கலில் அந்தத் தொகையை உங்கள் வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை.